ஒரு சிறு சொல்லின் வேரைத் தேடும் முறை: ‘மா’வை முன்வைத்து ஒரு வழிகாட்டி

ஒரே ஒலியுடைய சிறு சொல் பல மொழிகளில் தென்படும்போது, அவை அனைத்தும் ஒரு வேரில் கிளைத்தவை என்று எண்ணத் தோன்றுவது இயல்பு. சங்கத் தமிழில் ‘மா’ என்பது குதிரையைக் குறித்தது. சீன மொழியிலும் குதிரைக்கு ‘மா’ என்பதே பெயர். இந்தியில் ‘மா’ தாயைக் குறிக்கும். தமிழிலோ ‘அம்மா’ என்கிறோம். இத்தகைய ஒற்றுமைகளை வரிசையாக அடுக்கி, தமிழிலிருந்தே இவை யாவும் பிரிந்தன என்றோ, பிறமொழியிலிருந்து தமிழுக்கு வந்தன என்றோ முடிவுகட்டும் பதிவுகள் நாள்தோறும் பகிரப்படுகின்றன. தமிழின் தொன்மையில் அக்கறை உள்ளவர்கள்தாம் இந்த முடிவுகளைச் சோதித்துப் பார்க்க முதலில் முன்வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சோதிக்கும் முறை கடினமானதன்று. பொறுமையும் இரண்டு அகராதிகளும் ஒரு குறிப்பேடும் போதும். ‘மா’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு அந்த முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

தேவைப்படும் அகராதிகளில் முதலாவது, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன். இரண்டாவது, மொழியியலாளர்களான பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி. இது 1961-இல் வெளிவந்தது, திருத்திய இரண்டாம் பதிப்பு 1984-இல் வந்தது. இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். குறிப்பேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ‘மா’வுக்கு எத்தனை பக்கம் வேண்டும் என்பதே நாம் விடை காண வேண்டிய முதற்கேள்வி.

முதலில் தமிழுக்குள்ளேயே பிரித்துப் பாருங்கள்

பிறமொழிகளுக்குப் போகுமுன் நம் மொழியில் அது ஒரு சொல்லா, ஒரே ஒலியில் கூடி நிற்கும் பல சொற்களா என்று அறிய வேண்டும். பெரும்பாலான பிழைகள் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் நேர்கின்றன. பொருள் தரும் ஓரெழுத்து ஒருமொழிகளுள் சிறப்புடையவை நாற்பத்திரண்டு என்று நன்னூல் கணக்கிடுகிறது. அவற்றுள் மகர வரிசையில் வரும் ஆறனுள் ‘மா’ ஒன்று. மாமரம், விலங்கு, குதிரை, அரைத்த மாவு, கருமை, பெருமை, திருமகள், இருபதில் ஒரு பங்கு, நில அளவு என இதன் பொருள்கள் விரிகின்றன. போதாக்குறைக்கு, “மாவென் கிளவி வியங்கோள் அசைச்சொல்” என்று தொல்காப்பியம் இதை இடைச்சொல்லாகவும் காட்டுகிறது.

இவற்றைப் பிரிக்க நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கருவி புணர்ச்சி. ஒலியில் ஒன்றுபோல் இருக்கும் இரு சொற்கள், வேறொரு சொல்லோடு சேரும்போது வெவ்வேறு வகையில் நடந்துகொண்டால், அவை வேறு வேறு சொற்கள் என்று ஐயப்படுவதற்கு வலுவான காரணம் உண்டு. மாமரத்தைக் குறிக்கும் ‘மா’ வல்லெழுத்துக்கு முன் மெல்லெழுத்தைப் பெறுகிறது: மாங்காய், மாங்கொட்டை, மாந்தோப்பு, மாம்பிஞ்சு. அரைத்த மாவைக் குறிக்கும் ‘மா’வோ வல்லெழுத்தையே இரட்டிக்கிறது, வாசலில் இடுவது மாக்கோலம், அதை எவரும் மாங்கோலம் என்று சொல்வதில்லை. விலங்கைக் குறிக்கும் ‘மா’ மூன்றாவது வழியில் செல்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியல், “மாமரக் கிளவியும் ஆவும் மாவும்” என்று தொடங்கும் நூற்பாவில் மாமரத்தின் பெயரையும் விலங்கின் பெயரையும் தனித்தனியே எண்ணிவிட்டு, “னகரம் ஒற்றும் ஆவும் மாவும்” என்று முடிக்கிறது. அதாவது, மாமரத்தின் கொம்பு ‘மாஅங்கோடு’ ஆகும். விலங்கின் கொம்பு ‘மான்கோடு’ ஆகும். ஒரே எழுத்தால் எழுதப்படும் இவ்விரண்டும் ஒரு சொல் அல்ல என்பதை இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதுவும் இலக்கணச் சான்றுடன், நம் முன்னோர் பிரித்துக் காட்டியிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

இரண்டாவது கருவி, பழைய ஆட்சிகளைக் கால வரிசையில் வைத்துப் பார்ப்பது. “மாவும் மாக்களும் ஐயறிவினவே” என்னும் தொல்காப்பிய மரபியல் நூற்பாவில் ‘மா’ பொதுவாக விலங்கினம். குறுந்தொகையின் 17-ஆம் பாடல் “மாவென மடலும் ஊர்ப” என்று தொடங்கும்போது, பனைமடலால் செய்ததைக் குதிரையாகக் கொண்டு ஏறுவதையே பேசுவதால், அங்கே ‘மா’ குதிரை. சிங்கம் ‘அரிமா’, யானை ‘கைம்மா’. இவற்றை அருகருகே வைத்தால், விலங்கு என்ற பொதுப்பொருளே அடிப்படை என்பதும், ஏறிச் செல்லும் விலங்கைப் பேசும் இடத்தில் அது குதிரைக்குச் சுருங்கியது என்பதும் விளங்கும். ஆகவே விலங்குக்கும் குதிரைக்கும் ஒரே பக்கம் போதும். சீனக் குதிரையை ஆராயும்போது இந்த முடிவு நமக்கு மிகவும் பயன்படும்.

மூன்றாவது கருவி, பொருள்களுக்கிடையே உள்ள உள்தொடர்பு. பழைய தமிழ்க் கணக்கில் ஒரு மா என்பது 1/20; ஒரு காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதனால்தான் 1/16-க்கு மாகாணி என்று பெயர். காவிரிப் படுகையில் இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. ஒரு மா என்பது நூறு குழி, ஏறத்தாழ 33 சென்ட். வேலியின் இருபதில் ஒரு பங்கே மா ஆதலால், பின்னமும் நில அளவும் ஒரே சொல் என்று துணிந்து ஒரே பக்கத்தில் எழுதலாம். இந்த அளவு புதிதாக வந்ததும் அன்று. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் அறிவுரை கூறும் புறநானூற்று 184-ஆம் பாட்டில், விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் “மாநிறைவு இல்லதும் பன்னாட்கு ஆகும்” என்று வருகிறது. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் விளைச்சலே யானைக்குப் பல நாள் உணவாகும் என்பது பொருள்.

அரைத்த மாவு பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் ‘மாவு’ என்றே வழங்கும் இச்சொல்லை ஈழத்தமிழர் இன்றும் ‘மா’ என்கின்றனர்: அரிசி மா, கோதுமை மா. வழக்குகளை ஒப்பிடும்போது தமிழ்நாட்டு வழக்கை மட்டும் கொண்டு தேடுபவர், ‘மாவு’ என்பதைத் தனிச் சொல் என்று தவறாகப் பிரித்துவிடக்கூடும்.

உறவு மொழிகளைக் கேளுங்கள்

அடுத்ததாக, ஒவ்வொரு பக்கத்திலும் திராவிட உறவுச் சொற்களை எழுதுங்கள். மாமரம் மலையாளத்திலும் கன்னடத்திலும் ‘மாவு’, தெலுங்கில் ‘மாவி’, ‘மாமிடி’. பழத்தை மலையாளத்தார் ‘மாங்ங’ என்பர். இங்கே ஒலியும் பொருளும் சேர்ந்தே பொருந்துகின்றன. மரமும் இம்மண்ணுக்கு உரியது. இந்தப் பக்கத்தில் தயக்கத்துக்கு இடமில்லை.

உறவு என்பதற்கு மொழியியல் கேட்கும் சான்று, ஒலி ஒத்திருப்பது அன்று. ஒலி மாறினாலும் அது ஒழுங்காக மாறியிருப்பது. தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும்: பால் என்பது ஹாலு, பல் என்பது ஹல்லு, பத்து என்பது ஹத்து, புலி என்பது ஹுலி. அதேபோல் செவி என்பது கன்னடத்தில் கிவி. ‘பத்து’, ‘ஹத்து’ ஆகிய இரண்டும் காதுக்கு வேறாக ஒலித்தாலும் அவை ஒரே சொல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஏனெனில் அந்த மாற்றம் டஜன் கணக்கான சொற்களில் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது. ஆகவே ஓர் அயல்மொழிச் சொல்லைத் தமிழ்ச் சொல்லோடு இணைக்க விரும்பினால், “இதே ஒலித்தொடர்பு வேறு எந்தச் சொற்களில் உள்ளது?” என்று கேளுங்கள். அத்தகைய வேறு சொற்கள் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால், கையில் இருக்கும் ஒற்றை ஒற்றுமையைச் சான்றாக ஏற்க இயலாது.

அயல்மொழிச் சொல்லை அதன் உண்மை ஒலியில் எழுதுங்கள்

தமிழ் எழுத்தில் ‘மா’ என்று எழுதியவுடன் பல மொழிகளின் வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. சீனத்தின் மண்டரின் வழக்கில் ‘மா’வின் பொருள் சுரத்தைப் பொறுத்தது, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது: சமச்சுரத்தில் ஒலித்தால் தாய், ஏறுசுரத்தில் சணல், இறங்கி ஏறினால் குதிரை, இறங்குசுரத்தில் திட்டுதல். சுரம் இன்றி வாக்கியத்தின் இறுதியில் வந்தால் வினாவைக் குறிக்கும். தாய், திட்டுதல், வினா ஆகிய மூன்றின் எழுத்துகளிலும் குதிரையின் எழுத்து உள்ளே அமர்ந்திருக்கும். அதைக் கண்டு பொருள்தொடர்பு தேட வேண்டாம். அங்கே அது ஒலியைக் காட்டும் உறுப்பு மட்டுமே. தாய்லாந்து மொழியிலும் அவ்வாறே, சுரத்துக்கேற்ப வருதல், நாய், குதிரை என்று பொருள் மாறும். அம்மொழியில் நாயைக் குறிக்கும் சொல்லை எழுதும்போது முன்னால் ஹகர எழுத்து ஒன்றைச் சேர்த்து எழுதுகிறார்கள்; மகரம் பண்டு வேறுவிதமாக ஒலித்ததன் தடயம் அது. வியட்நாமிய மொழியில் ஆறு சுரங்களுக்கு ஆறு பொருள்: பேய், தாய், ‘ஆனால்’, கல்லறை, குதிரை, நெல் நாற்று.

இப்போது சீனக் குதிரையைத் தமிழ்க் குதிரையோடு ஒப்பிடலாம். இன்றைய வடிவங்களை ஒப்பிடாமல், இரண்டு சொற்களும் தத்தம் மொழியில் எவ்வளவு பின்னோக்கிச் செல்லுமோ அவ்வளவு சென்று, பழைய வடிவங்களை ஒப்பிடுவதே முறை. பழஞ்சீனத்தில் அச்சொல் ‘ம்ரா’ என்பதை ஒத்த ஒலியுடன் இருந்ததாக அறிஞர்கள் மீட்டுருவாக்குகின்றனர். அதே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பர்மியத்தில் குதிரைக்கு இன்று ‘ம்யின்’ என்று ஒலித்தாலும், எழுதும்போது மகரத்தோடு ரகரத்தைச் சேர்த்தே எழுதுகிறார்கள். ஆக, சீனச் சொல்லில் ஒரு காலத்தில் ரகரம் இருந்து, பின்னர் மறைந்தது. தமிழ்ச் சொல்லிலோ ரகரத்தின் சுவடே இல்லை. அது புணர்ச்சியில் னகரத்தைத்தான் பெறுகிறது. அதன் அடிப்படைப் பொருளும் குதிரை அன்று, விலங்கு. இரண்டு ஆறுகள் தற்செயலாக ஓரிடத்தில் ஒரே அகலத்தில் ஓடுவதைப் போன்றது இது. தாய்லாந்தின் குதிரையும் வியட்நாமின் குதிரையும் சீனத்திலிருந்து கடனாகச் சென்றவை. அவற்றைச் சீனத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தேய்ந்த சொற்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை

சிறு சொற்கள் பெரும்பாலும் தேய்ந்து சிறுத்தவை. பிரெஞ்சு மொழியில் ‘மா’ என்றால் பெண்பாற் சொல்லுக்கு முன் வரும் ‘என்’. இத்தாலியத்தில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. காட்டலான் மொழியில் ‘மா’ என்றால் கை. மூன்றும் இலத்தீனின் பிள்ளைகளாகிய மொழிகள். சொற்களும் இலத்தீனிலிருந்தே வந்தவை. எனினும் முதலாவது ‘மேயா’, அதாவது ‘என்னுடைய’ என்பதன் தேய்வு. இரண்டாவது ‘மாகிஸ்’, அதாவது ‘மேலும்’ என்பதன் தேய்வு. மூன்றாவது ‘மானுஸ்’, அதாவது கை என்பதன் தேய்வு. ஒரே தாய்மொழியிலிருந்து வந்த உறவு மொழிகளிலேயே ஒரே ஒலிக்குப் பின்னால் மூன்று வேர்கள் இருக்கும்போது, உறவற்ற மொழிகளில் ஒரே ஒலியைக் கண்டு ஒரே வேர் என்பது எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள். எஸ்தோனிய மொழியில் ‘நான்’ என்பதற்குரிய ‘மா’வும் இத்தகையதே, ‘மினா’ என்பதன் சுருக்கம் அது.

தற்செயலின் வலிமையையும் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபது மெய்களும் ஐந்து உயிர்களும் உள்ள ஒரு மொழியில், ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த அசைகள் நூறுதான் அமைய முடியும். அவற்றில் ‘மா’ குழந்தைக்கும் எளிதில் வாய்க்கும் ஒலி. ஆகவே அது ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் ஏதேனும் ஒரு பொருளுக்குப் பயன்பட்டே தீரும். ஹங்கேரியத்தில் இன்று, ஜப்பானியத்தில் இடைவெளி, சுமேரியத்தில் படகு என்று அது பரவிக் கிடப்பதில் வியப்பில்லை. சில இடங்களில் பொருளும் பொருந்திவிடுவதிலும் வியப்பில்லை. சமஸ்கிருதத்தில் ‘மா’ என்பது ‘வேண்டாம், செய்யாதே’ என்று தடுக்கும் சொல். வேடனைச் சபிக்கும் வால்மீகியின் புகழ்பெற்ற சுலோகம் “மா நிஷாத” என்று அதில்தான் தொடங்குகிறது. அரபியிலும் ‘மா’ என்பதற்கு ‘இல்லை’ என்ற பொருள் உண்டு. ஆயினும் சமஸ்கிருதச் சொல்லின் உறவு கிரேக்கத்தின் ‘மே’, பழம்பாரசீகத்தின் ‘மா’ ஆகியவற்றோடுதான். அரபிச் சொல்லின் குடும்பம் வேறு. எழுத்துக்கு எழுத்து ஒத்து, பொருளும் ஒத்து, உறவு மட்டும் இல்லாத இந்த இணையைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

தாய்ச்சொற்களை இந்த ஆய்விலிருந்து முற்றிலும் விலக்கிவிட வேண்டும். சீனத்தின் தாய், வியட்நாமின் தாய், நம் ‘அம்மா’ ஆகியவை ஒத்திருப்பதற்குக் காரணம் குழந்தையின் வாய் அமைப்பே என்பதை மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார்: உதடுகளை மூடித் திறக்கும் மகரமும் வாய் அகலத் திறக்கும் அகரமும் மழலையில் முதலில் வருபவை, அவற்றைப் பெற்றோர் தங்களை அழைப்பதாகக் கொள்கின்றனர். அதைத் தந்தைக்கு உரியதாகக் கொண்ட மொழியும் உண்டு. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை, தாய் ‘தேதா’. நம்மிடமோ மாமா தாயின் உடன்பிறந்தவர்.

கடன் சென்ற வழியைத் தேடுங்கள்

இவ்வளவு கடுமையாக வடிகட்டிய பின்னும் உண்மையான தொடர்புகள் எஞ்சும். அவை பெரும்பாலும் கடன்கள். கடனுக்கு ஒரு வழி, ஒரு காலம், கொண்டு சென்ற மக்கள் ஆகிய மூன்றையும் காட்ட முடிய வேண்டும். மாங்காய் இதற்குத் தெளிவான சான்று. மலையாளத்து ‘மாங்ங’ நேராகவோ, மலாய் மொழி வழியாகவோ போர்ச்சுக்கீசியரிடம் ‘மாங்கா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆயிற்று. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின் நடந்த கடல்வணிகம் வரலாற்றில் பதிவானது. சொல்லின் நடுவில் உள்ள ஙகரமும் எந்த வடிவம் பயணப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழக முஸ்லிம்களும் ஈழத்து முஸ்லிம்களும் சொல்லும் ‘மாஷா அல்லாஹ்’ என்னும் தொடரின் தொடக்கத்தில் உள்ள ‘மா’வும் இவ்வாறே வழி தெரிந்த வருகை, ‘அல்லாஹ் நாடியது’ என்னும் தொடரில் ‘எது’ என்ற பொருளுடைய அரபிச் சொல் அது.

எனக்கு மிகவும் பிடித்த தொடர்பு வியட்நாமியப் பேயில் இருக்கிறது. பௌத்த நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர்கள், புத்தரைச் சோதித்த மாரனின் பெயரை ஒலிபெயர்த்து, பின்னர் அதன் முதல் அசையை மட்டும் தீய ஆவிக்குப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டனர். அந்த எழுத்து வியட்நாமில் ‘மா’ என்று ஒலித்துப் பேய் ஆயிற்று. ஜப்பானில் தீய ஆவியைக் குறிக்கும் ‘அகுமா’ என்னும் சொல்லின் இறுதியிலும் அதுவே நிற்கிறது. அதே மாரனைத் தமிழில் மணிமேகலை அறியும்; “மாரனை வெல்லும் வீர நின்னடி” என்று அதன் பாத்திரம் பெற்ற காதையில் புத்தரைப் போற்றும் அடி வருகிறது. நம் மாரனும் வியட்நாமியப் பேயும், கொல்லுதல் என்னும் பொருளுடைய ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து இருவேறு திசையில் சென்றவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த குதிரைகள் உறவற்றுப் போக, பார்வைக்குத் தொடர்பே இல்லாத இவை உறவாகின்றன.

முடிவை எழுதும் முறை

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உறுதியின் அளவைக் குறித்துவிடுங்கள். மாமரத்துக்கு ‘உறுதி’, சீனக் குதிரைக்கு ‘தற்செயல்’, வியட்நாமியப் பேய்க்கு ‘கடன், வழி தெரியும்’ என்று எழுதலாம். பெருமையைக் குறிக்கும் ‘மா’வுக்கு மட்டும் நான் இன்னும் ஒற்றைச் சொல்லில் முடிவு எழுதவில்லை. சமஸ்கிருத ‘மஹா’ தமிழில் ‘மா’ எனத் தேய்வதற்குச் சோழ அரசி செம்பியன் மாதேவியின் பெயரே சான்று. மகாதேவி மாதேவி ஆகியிருக்கிறாள். அந்த ‘மஹா’வும் இலத்தீனின் ‘மாகிஸ்’ என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள் ஆதலால், மாதேவியின் ‘மா’வுக்கும் இத்தாலியரின் ‘ஆனால்’ என்னும் ‘மா’வுக்கும் தொலைதூர உறவு உண்டு. மறுபுறம் மாண், மாட்சி, மால் என்று பெருமைப் பொருளில் வரும் தமிழ்ச் சொற்கள் இருப்பதால், சங்கப் பாடல்களின் ‘மா’ நம் மொழிக்கே உரியது என்னும் கருத்தும் வலுவானது. அறிஞர்கள் இருபுறமும் நிற்கின்றனர். இப்பக்கத்தை நிரப்ப விரும்புபவர், முதலில் சங்க நூல்களில் பெருமைப் பொருளில் ‘மா’ வரும் இடங்களைத் திரட்டி, அது அடுத்து நிற்கும் சொல் தமிழா வடசொல்லா என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுத வேண்டும். பின்னர், வடமொழித் தொடர்பு குறைந்த, நீலகிரியில் பேசப்படும் தோடா, கோத்தா போன்ற திராவிட மொழிகளில் இதற்கு இணையான சொல் உண்டா என்று பரோ–எமனோ அகராதியில் தேட வேண்டும்.